பெயர் அப்ரூவ் ஆனதும் பவுச் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்

தாத்தா போன பிறகு எழுதிய எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். தேங்காய்ப் பருப்பு காயப்போடும் களத்தில் யாருக்கு எந்தப் பக்கம், கிணற்றில் யாருக்கு எத்தனை பாகம், மோட்டார் முறை யாருக்கு எந்தக் கிழமை, வேலியோரப் பனைமரம் யாரைச் சேர்ந்தது என்பது வரைக்கும் இருக்கும். எண்ணெய் மில்லின் பெயர் யாருக்கு என்று மட்டும் ஒரு வரி கிடையாது. பெயரும் ஒரு சொத்து என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, பத்திரம் எழுதியவருக்கும் தோன்றவில்லை.

அதனால் அப்பா ஒரு மில், பெரியப்பா ஒரு மில், இரண்டுக்கும் தாத்தா பெயர். காங்கேயம் பக்கம் இதெல்லாம் சகஜம். ஊருக்குள் 'பெரியவர் மில்', 'சின்னவர் மில்' என்று பிரித்துக்கொள்வார்கள். பதினைந்து கிலோ டின் கேட்டு வரும் பலகாரக் கடைக்காரருக்கும் குழப்பமில்லை. குழப்பம் வந்தது நானும் மச்சானும் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான். அவர் சென்னையில் வேலையில் இருந்தவர், பணம் போடத் தயார். பங்கு, கணக்கு எல்லாம் காகிதத்தில் சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர். எனக்கும் சில்லறைப் பாக்கெட்டில் இறங்க ஆசை. ஒரு லிட்டர் பவுச் போட வேண்டுமானால் பவுச்சின் மேல் ஒரு பெயர் வேண்டுமே.

கம்பெனி பதிவு பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நேம் அப்ரூவல் வாங்கிட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க." அதை நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த அப்ரூவல், அதே பெயரில் வேறொரு கம்பெனி பதிவேட்டில் வராது என்பதற்கு மட்டும் உத்தரவாதம். சந்தையில் அந்தப் பெயர் உங்களுடையதா என்பது வேறொரு அலுவலகத்தின் விஷயம்.

முதலில் கம்பெனிப் பதிவேட்டு வேலையைச் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரியில் இருந்து 'ஸ்பைஸ் பிளஸ்' என்று ஒரு படிவம், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ போர்ட்டலில். அதில் பகுதி ஏ பெயருக்கு, பகுதி பி மற்ற எல்லாவற்றுக்கும். பகுதி ஏ-யில் இரண்டு பெயர் கொடுக்கலாம், கட்டணம் 1000 ரூபாய். அதைப் பார்ப்பது கோயம்புத்தூரோ சென்னையோ அல்ல, ஹரியானாவில் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையம். உங்கள் ஊரில் உங்கள் குடும்பப் பெயருக்கு இருக்கும் மதிப்பெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு பட்டியல், ஒரு விதிப் புத்தகம். பெயரில் குறை இருந்தால் திருத்தி அனுப்ப 15 நாளும் ஒரே ஒரு வாய்ப்பும் தருவார்கள். அதற்குள் சரியாகவில்லை என்றால் திரும்பவும் 1000 ரூபாய் கட்டி முதலிலிருந்து.

இரண்டு பெயர் கேட்கிறார்களே என்று 'கற்பகம்' என்று ஒன்றும், 'கற்பகத்தரு' என்று ஒன்றும் யோசித்து வைத்திருந்தோம். தென்னைக்குப் பொருத்தம். ஆடிட்டர் ஆபீஸில் இருந்த பெண் எடுத்ததும் கேட்டார்: "ரெண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் வெச்சிருக்கீங்களே, ஒண்ணு போனா ரெண்டும் போயிருமுங்களே?" உண்மைதான். ஒரே சொல்லை வாலை மாற்றிக் கொடுத்தால் அது இரண்டு பெயர் ஆகாது. கொடுக்கும் இரண்டும் முற்றிலும் வேறாக இருக்கட்டும்.

அவரே போர்ட்டலில் தேடியும் காட்டினார். கற்பகத்துக்கு ஆங்கிலத்தில் நடுவில் 'ஜி' போடுபவர் உண்டு, 'கே' போடுபவர் உண்டு, 'ஹெச்' போடுபவரும் உண்டு. எப்படி எழுதினாலும் காதுக்கு ஒன்று என்றால் விதிப்படி அது ஒரே பெயர். 2014 ஆம் ஆண்டின் கம்பெனி நிறுவுதல் விதிகளில் 8 ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது, 2019 இல் திருத்தியதில் உதாரணங்களோடு விளக்கியிருக்கிறார்கள். ஒருமையைப் பன்மையாக்கினாலும், சொற்களை இடம் மாற்றினாலும், இடைவெளி விட்டாலும், கடைசியில் டாட்காம் சேர்த்தாலும், எண் சேர்த்தாலும், ஊர்ப் பெயர் சேர்த்தாலும் புதுப் பெயர் ஆகாது. ஆங்கிலப் பெயரை அப்படியே இந்தியில் மாற்றி வைத்தாலும் ஆகாது. ஏற்கெனவே அந்தப் பெயரில் இருக்கும் கம்பெனியே இயக்குநர் குழுத் தீர்மானம் போட்டு ஒப்புதல் கொடுத்தால் உண்டு.

இங்கேதான் என் மாமனாருடைய நியூமராலஜி அடிபட்டது. அவர் கூட்டுத்தொகை சரியாக வரவேண்டும் என்று ஒரு 'ஏ' கூட்டி, ஒரு 'ஹெச்' சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தார். நம் ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகையில் இந்தக் கூடுதல் எழுத்துகளைப் பார்க்கலாம். எண் ராசி பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் மானேசர்காரருக்குக் கூடுதல் 'ஏ' கண்ணில் படவே படாது. முதலில் எவரும் வைத்திருக்காத பெயரைப் பிடியுங்கள், அப்புறம் எழுத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பெயரில் தொடக்கூடாத சொற்களும் இருக்கின்றன. 'நேஷனல்', 'சென்ட்ரல்', 'போர்டு', 'கமிஷன்', 'பஞ்சாயத்து' மாதிரி அரசு வாடை அடிக்கும் சொல் என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். 'பேங்க்', 'இன்சூரன்ஸ்' என்றால் அந்தந்த ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல். எண்ணெய் ஆட்டுபவனுக்கு இதெல்லாம் எதற்கு, விடுங்கள்.

நாங்கள் அடுத்துக் கொடுத்த பெயர் கம்பெனிப் பட்டியலில் எங்குமே இல்லை. ஆனாலும் திரும்பி வந்தது. காரணம்: வேறொரு மாவட்டத்தில் ஒருவர் அதே பெயரை டிரேட்மார்க்காக, அதாவது தன் பொருளுக்கான வணிக அடையாளமாக, வாங்கி வைத்திருந்தார், அதுவும் சமையல் எண்ணெய் வகுப்பிலேயே. கம்பெனியே வைக்காமல் தனிநபராக மில் நடத்துபவர். டிரேட்மார்க் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பெயரைக் கம்பெனிக்குக் கொடுக்க மாட்டார்கள். பதிவான டிரேட்மார்க் மட்டுமல்ல, விண்ணப்பம் போட்டு நிலுவையில் இருந்தாலும் அதே கதிதான். போன் பண்ணிப் பேசினோம். வயதானவர், நிதானமாகப் பேசினார். "பேரு நான் வாங்குனதுதான் தம்பி, ஆனா இப்ப தொழில் பையன்கிட்ட இருக்குது, கேட்டுச் சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். கம்பெனிப் பெயர் தேடலுக்கு முன்னால் டிரேட்மார்க் தேடல். அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் தளத்தில் பொதுத் தேடல் இலவசம். அதில் 'வேர்ட்மார்க்' என்று ஒரு வழி, 'போனடிக்' என்று இன்னொரு வழி. இரண்டாவதையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள், எழுத்து வேறாகி ஒலி ஒன்றாக இருப்பவை அதில்தான் வந்து விழும். அடுத்தது வகுப்பு, அதாவது பெயர் எந்த வகைப் பொருளுக்கு என்பது. மொத்தம் 45 வகுப்புகள். சமையலுக்கான தேங்காய் எண்ணெய் 29 ஆவது வகுப்பு. அதே எண்ணெயைத் தலைக்குத் தேய்க்க என்று விற்றால் 3 ஆவது வகுப்பு. மிச்சமாகும் புண்ணாக்கை மாட்டுத் தீவனமாகப் பாக்கெட் போட்டால் 31. ஒரே செக்கிலிருந்து மூன்று வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். இந்தச் சமையல் எண்ணெயா கூந்தல் எண்ணெயா என்ற கேள்வி சின்னப் பாக்கெட்டுகளின் வரி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வரை போய், சமையல் எண்ணெய் என்று விற்றால் பாக்கெட் சின்னதாக இருந்தாலும் அது சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில்தான் தீர்ந்தது. வகுப்பை நிதானமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அதனால்தான்.

கட்டணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 9000 ரூபாய். விண்ணப்பிப்பவர் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் 4500. கம்பெனி பதிவானதும் சிறுதொழில் என்று காட்டும் உத்யம் சான்றிதழ் எடுத்துவிட்டு விண்ணப்பித்தால் பாதிதான். உத்யம் பதிவு இலவசம். யாராவது இதற்குப் பணம் கேட்டால் அது அவருடைய கூலி, அரசுக் கட்டணம் அல்ல.

இனி தாத்தா பெயர். 'புதுப் பெயருக்கு ஏன் இந்த அலைச்சல், இருக்கிற பெயரையே கம்பெனிக்கு வைக்கலாமே' என்று மச்சான் சொன்னார். நியாயமான கேள்வி. டிரேட்மார்க் சட்டத்தில் முந்தைய பயன்பாட்டுக்குப் பெரிய மரியாதை உண்டு. எவ்வளவு காலமாக அந்தப் பெயரில் விற்கிறோம் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, அதற்குப் பில், விளம்பரம் என்று ஆதாரம் இணைக்கலாம். குடோன் பரணில் அப்பா கட்டி வைத்திருந்த பழைய பில் புத்தகங்கள் இருந்தன, விற்பனை வரி எண் அச்சடித்தவை. கரையான் தொடாத ஒவ்வொன்றும் இன்றைக்கு ஆதாரம். பழைய பில்லைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒரு முறை யோசியுங்கள்.

ஆனால் பெரியப்பாவிடமும் அதே மாதிரி பில் புத்தகங்கள் இருக்குமே. தாத்தா பெயரில் நாங்கள் கம்பெனி வைத்து, டிரேட்மார்க்கும் வாங்கிவிட்டால் நாளைக்கு அவர் டின்னில் தாத்தா பெயர் போடுவதை நாங்கள் தடுக்கலாம் என்றாகிவிடும். அல்லது அவர் எங்களைத் தடுக்க வழக்குப் போடலாம். இரண்டும் தீபாவளிக்கு ஒரு பந்தியில் உட்காரும் குடும்பத்துக்கு ஆகாது. நேரில் போய்ச் சொன்னேன். காபி வந்து ஆறும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பேரு எதுக்குடா கண்ணு உனக்கு? எண்ணெய நல்லா ஆட்டு, பேரு தானா வரும்" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்பா போட்டோ வேணும்னா போட்டுக்க. பேரு ரெண்டு பேருக்கும் பொதுவா கெடக்கட்டும்" என்றார். அதையே முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டோம்: தாத்தா பெயரை இருவரும் அவரவர் மில்லில் இப்போது பயன்படுத்துவது போலவே பயன்படுத்தலாம், யாரும் தனியாக டிரேட்மார்க் எடுக்கக் கூடாது, மூன்றாம் ஆளுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. சொத்துப் பிரிக்கும்போதே எழுத வேண்டிய வரி இது. உங்கள் குடும்பத்தில் கடையோ மில்லோ பிரிவதாக இருந்தால், களம் கிணற்றோடு பெயரையும் பத்திரத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

கடைசியில் கம்பெனிப் பெயர் வேறு, பிராண்டு வேறு என்று பிரித்துவிட்டோம். இதுவே நான் கண்டவரை நல்ல வழி. கம்பெனிக்கு அகராதியில் இல்லாத ஒரு சொல்லும் பின்னால் தொழிலைக் குறிக்கும் ஒரு சொல்லும். பவுச்சில் பெரிதாக வருவது பிராண்டு. தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் லேபிளில் போட்டாக வேண்டும் என்பதால் கம்பெனிப் பெயர் பின்பக்கம் சின்ன எழுத்தில் வரும், அவ்வளவே. நாளைக்கு மசாலாவிலோ கருப்பட்டியிலோ இறங்கினாலும் கம்பெனிப் பெயர் குறுக்கே நிற்காது. எங்கள் பெயரை இங்கே சொல்லவில்லை, விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

பிராண்டுக்கு 'நயம்', 'சுத்தம்', 'செக்கு', 'காங்கேயம்' மாதிரி சொற்களை மட்டும் நம்பாதீர்கள். பொருளின் தரத்தையும் ஊரையும் சொல்லும் சொற்களை ஒருவருக்கே எழுதிக் கொடுக்க டிரேட்மார்க் அலுவலகம் லேசில் சம்மதிக்காது. லேபிளில் காங்கேயம் காளையைப் போடலாமே என்று வடிவமைப்பாளர் கேட்டார். இந்த வட்டாரத்தில் காளை இல்லாத லேபிளைக் காட்டுங்கள் என்றேன்.

பெயர் அப்ரூவல் வந்த பிறகு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். புதுக் கம்பெனிக்கு 20 நாள்தான் பெயர் ஒதுக்கி வைப்பார்கள். அதற்குள் பகுதி பி, கம்பெனியின் அமைப்பு விதிகள், இயக்குநர்களின் டிஜிட்டல் கையொப்பம், பதிவு அலுவலக முகவரிச் சான்று எல்லாம் போக வேண்டும். எங்களுக்கு இடித்தது முகவரிச் சான்று. மில்லின் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்குள் உள்ளதாக இருக்க வேண்டும், இடத்தின் உரிமையாளர் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுக்க வேண்டும். இறந்தவர் எப்படிக் கடிதம் கொடுப்பார்? அப்பா பெயரில் இருக்கும் வீட்டை இப்போதைக்குப் பதிவு அலுவலகமாகக் காட்டினோம். அதற்குள் நாள் நெருங்கியதால் நீட்டிப்புக்கும் பணம் கட்டினோம். 20 நாள் முடியும் முன் 1000 ரூபாய் கட்டினால் மொத்தம் 40 நாள் வரை, அந்த 40 முடியும் முன் இன்னும் 2000 கட்டினால் 60 நாள் வரை கிடைக்கும். பெயருக்கு விண்ணப்பிக்கும் முன்பே கரண்ட் பில் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் இந்தச் செலவு இல்லை.

பதிவுச் சான்றிதழில் 21 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாள எண் வரும். நடுவில் மாநிலக் குறியீடாக 'டிஎன்' இல்லாமல் 'டிஇசட்' இருந்ததைப் பார்த்து மச்சான் பதறிவிட்டார். தப்பில்லை. திருப்பூர் மாவட்டம் கோயம்புத்தூர் கம்பெனிப் பதிவாளர் எல்லைக்குள் வருகிறது, அதன் குறியீடு அதுதான்.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். பவுச் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். அந்தச் செலவு போக, அச்சகத்தார் கிலோ கணக்கில் குறைந்தபட்ச ஆர்டர் கேட்பார்கள். பெயர் மாறினால் சிலிண்டரும் குப்பை, மிஞ்சிய பவுச்சும் குப்பை. கம்பெனி பதிவான பிறகும் பெயர் மாற வேண்டி வருமா என்றால், வரும். கம்பெனிச் சட்டம் 2013 இன் 16 ஆவது பிரிவுப்படி, உங்கள் கம்பெனி பதிவாகி மூன்று ஆண்டுக்குள் ஒரு டிரேட்மார்க் உரிமையாளர் மனுப் போட்டு, பெயர் ஒத்திருக்கிறது என்று முடிவானால், மூன்று மாதத்துக்குள் பெயரை மாற்றச் சொல்லி கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநர் உத்தரவு போடலாம். எனக்குத் தெரிந்த திருப்பூர் பனியன்காரர் ஒருவருக்கு இது நடந்தது. பெயர் மாற்றச் சாதாரணத் தீர்மானம், புதுச் சான்றிதழ், பான், ஜிஎஸ்டி, வங்கி, கழுத்துப்பட்டையில் தைக்கும் லேபிள் என்று அவர் அலைந்ததைப் பார்த்துதான் நான் டிரேட்மார்க் பக்கமே திரும்பினேன். உத்தரவை மதிக்காமல் விட்டால் இன்னும் வேடிக்கை. 2021 செப்டம்பரில் இருந்து அரசே பெயர் வைத்துவிடும்: 'ஓஆர்டிஎன்சி' என்ற எழுத்துகள், அதாவது மண்டல இயக்குநரின் உத்தரவு நிறைவேற்றப்படவில்லை என்பதன் சுருக்கம், அதோடு ஆண்டு, வரிசை எண், கம்பெனியின் அடையாள எண். அதைப் பெயர்ப்பலகையில் எழுதிவைத்து எவரிடம் வியாபாரம் பேசுவது?

நாங்கள் டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டு, ஆய்வு அறிக்கை வந்து, அதற்குப் பதில் கொடுத்து, எந்த ஆட்சேபணையும் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிலிண்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். அதுவரை சாதாரண பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றோம். ஸ்டிக்கர் மாற்றுவது பெரிய செலவில்லை. ஆய்வு அறிக்கைக்கு 30 நாளில் பதில் போக வேண்டும், மின்னஞ்சலில் வருவது கண்ணில் படாமல் போனால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும். அதற்குப் பிறகு டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகி நான்கு மாதம் எவரும் எதிர்க்கவில்லை என்றால் பதிவு, பத்தாண்டுக்கு. விண்ணப்பித்த நாள் முதல் பெயர் அருகில் 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பிறகு மட்டும், அதற்கு முன் போட்டால் குற்றம்.

டிரேட்மார்க் விண்ணப்பம் யார் பெயரில் என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். பிராண்டு மச்சான் பெயரில், மில் என் பெயரில், கம்பெனி இருவர் பெயரில் என்று வைத்தால் பத்து வருடம் கழித்து இன்னொரு பாகப்பிரிவினைதான். கம்பெனி பெயரிலேயே போட்டோம்.

பங்குதாரர் நிறுவனமாகத் தொடங்குபவர்கள் இதில் பாதிக் கஷ்டம் இல்லாமல் பதிவுத்துறையில் பதிவு செய்துவிடலாம். ஆனால் அங்கே அதே பெயரில் இன்னொருவர் வருவதை யாரும் தடுப்பதில்லை. பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனமான எல்எல்பி-க்குத் தனிப் படிவம், பெயர்க் கட்டணம் 200 ரூபாய், மூன்று மாதம் ஒதுக்குவார்கள். எதுவானாலும் டிரேட்மார்க் தேடல் ஒன்றுதான்.

பெயர்ப்பலகை விஷயத்தையும் மறக்க வேண்டாம். அலுவலகத்துக்கு வெளியே கம்பெனிப் பெயரும் முகவரியும் எழுத வேண்டும், அந்த ஊரில் வழங்கும் மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டமே சொல்கிறது. பதிவான 180 நாளுக்குள் பங்குப் பணம் வந்துவிட்டது என்று தொழில் தொடக்க அறிவிப்பும் போட வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று: சான்றிதழ் வந்த அன்றே போன் அடிக்க ஆரம்பிக்கும். கம்பெனி விவரம் பொதுவில் கிடைப்பதால் கரண்ட் அக்கவுண்ட் திறக்கச் சொல்லி, இணையதளம் செய்து தரச் சொல்லி, ஐஎஸ்ஓ வாங்கித் தருவதாக என்று வந்துகொண்டே இருக்கும். டிரேட்மார்க் இதழில் பெயர் வெளியானதும் அரசு முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு, 'சர்வதேசப் பதிவேட்டுக் கட்டணம்' என்று இன்வாய்ஸ் மாதிரியே கடிதங்கள் வரும். மச்சான் ஒன்றுக்குக் கட்டப் போய், கணக்குப் பெண் தடுத்துவிட்டார். உண்மையான கட்டணம் என்றால் அந்தந்த அரசுப் போர்ட்டலில் நம் லாகின் உள்ளேயே தெரியும். அங்கே இல்லாத எந்தத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை.